பத்து கேட்டால் பதினொன்று

விஷுவல் பேசிக்கில் 'டிம் விலை(10)' என்று எழுதும் புதியவர், பத்து இடமுள்ள அணி கிடைத்துவிட்டதாகவே நினைக்கிறார். கிடைப்பது பதினொன்று. அடைப்புக்குறிக்குள் இருக்கும் 10 எண்ணிக்கை அல்ல, கடைசிச் சுட்டெண். முதல் சுட்டெண் 0. சி மொழியில் பழகி வந்தவருக்குக் குழப்பம் இன்னும் கூடும். அங்கே 10 என்றால் பத்தேதான், 0 முதல் 9 வரை. பின்னால் வந்த டாட்நெட் பதிப்பிலும் இந்தப் பதினொன்று போகவில்லை.

யூபவுண்ட் என்னும் சார்பு அணியின் அளவைச் சொல்லும் என்ற நம்பிக்கையும் இதற்கு உறவுதான். அது சொல்வது மேல் எல்லையை மட்டும். உறுப்புகளின் எண்ணிக்கை வேண்டுமானால் அதிலிருந்து கீழ் எல்லையைச் சொல்லும் எல்பவுண்டைக் கழித்து 1 கூட்ட வேண்டும்.

"எல்பவுண்டை எதற்குக் கேட்பது, எப்படியும் 0 தானே?" என்பார்கள் சிலர். வேறு சிலர் 'ஆப்ஷன் பேஸ் 1' என்று மேலே ஒரு வரி போட்டுவிட்டு, இனி எல்லா அணியும் 1-இல் தொடங்கும் என்று நிம்மதியாகிவிடுவார்கள். இதே மொழியில் எக்செல் மேக்ரோ எழுதத் தொடங்கியதும் இரண்டின் சாயமும் வெளுக்கும். அந்த வரியின் அதிகாரம் அது இருக்கும் மாட்யூலோடு சரி. ஒரு சரத்தைப் பிரித்து அணியாக்கும் 'ஸ்ப்ளிட்' அதைச் சட்டையே செய்யாது, அது தரும் அணி எப்போதும் 0-இல்தான் தொடங்கும். ஏ1 முதல் ஏ10 வரையுள்ள கட்டங்களின் மதிப்பை மொத்தமாக வாங்கினாலோ வருவது 1-இல் தொடங்கும் அணி. அதுவும் இரு பரிமாணம், 10 வரிசை, 1 நெடுவரிசை. ஒரே கட்டத்தை வாங்கினால் அணியே வராது. வெறும் மதிப்புதான் வரும், அதனிடம் யூபவுண்ட் கேட்டால் பிழை எண் 13. பத்துப் பெயருக்கு ஓடிய மேக்ரோ, பட்டியலில் ஒரே பெயர் இருக்கும் நாளில் படுத்துவிடுவது இப்படித்தான்.

யூபவுண்ட் -1 என்று வந்தால் ஏதோ கோளாறு என்று பதறுவோர் உண்டு. வெற்றுச் சரத்தை ஸ்ப்ளிட்டுக்குக் கொடுத்தால் அதுதான் வரும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: -1இலிருந்து 0 கழித்து 1 கூட்டினால் 0. மிகச் சரி! எல்பவுண்டிலிருந்து யூபவுண்ட் வரை ஓடும் லூப்பும் ஒருமுறைகூடச் சுற்றாமல் கடந்துவிடும். ஆனால் 'ரீடிம்' போட்டு இன்னும் அளவு தராத டைனமிக் அணியை இதோடு சேர்க்கக் கூடாது. அங்கே எல்லையைக் கேட்டாலே பிழை எண் 9.

எல்லையை ஒருமுறை கேட்டுவிட்டால் எங்கும் அதே பதில்தான் என்பதும் எல்லா மொழிக்கும் பொருந்தாது. ஏடா மொழியில் ஒரு சரத்தின் 3 முதல் 5 வரையான துண்டை வெட்டி ஒரு செயல்முறைக்கு அனுப்பினால், உள்ளேயும் அதன் முதல் சுட்டெண் 3-ஆகவே இருக்கும். ஃபோர்ட்ரானிலோ -5 முதல் 5 வரை அறிவித்த அணியை, எல்லை குறிக்காமல் வெறும் முக்காற்புள்ளி மட்டும் போட்டு வாங்கும் சப்ரூட்டினுக்கு அனுப்பினால், அதே பதினொரு உறுப்புகள் உள்ளே 1 முதல் 11 வரை எண்ணப்படுகின்றன.