அடைமழைக் காலத்தில் காய் வாங்க

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டது. வாரத்துக்கு ஒருமுறை மொத்தமாக வாங்கிக் குளிர்சாதனப் பெட்டியில் அடைக்கிற வழக்கத்தை மார்கழி வரை நிறுத்தி வையுங்கள். இரண்டு நாளைக்கு வேண்டியதைத் தெருமுனைக் கடையில் வாங்கினால் போதும். கிலோவுக்கு ஐந்து ரூபாய் கூடுதலாகப் போகலாம், பரவாயில்லை. மலிவென்று வாங்கிய மூன்று கிலோ தக்காளியில் ஒரு கிலோ அழுகினால் நட்டம் அதைவிடப் பெரிது.

இந்தப் பருவத்தில் கையால் பார்த்துப் பொறுக்க வேண்டியது தக்காளிதான். மழை குடித்த பழம் காம்பைச் சுற்றி வெடித்திருக்கும். வெடிப்பு காய்ந்து தழும்பாகியிருந்தால் அன்றைய ரசத்துக்கு ஆகும். விரல் வைத்ததும் ஈரம் ஒட்டினால் எடுக்காதீர்கள், பக்கத்தில் இருப்பதையும் கெடுத்துவிடும். நாட்டுத் தக்காளிக்குப் புளிப்பு உண்டு, ஆனால் தோல் மெல்லிசு. நாலு நாள் வைத்துக்கொள்வதென்றால் பெங்களூர் தக்காளியே தாங்கும். சென்னைக்கு வருவதில் பெரும்பகுதி ஆந்திரா, கர்நாடகச் சரக்கு. நம் ஊரில் வெயில் அடித்தாலும் அங்கே மழை கொட்டினால் கோயம்பேட்டில் லோடு குறையும். 2021 நவம்பரில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியது இப்படித்தான். அப்படிப்பட்ட நாளில் புளியை வைத்துச் சமாளியுங்கள்.

வெங்காயத்தைக் கழுத்துப் பக்கம் அழுத்திப் பாருங்கள். அமுங்கினால் உள்ளே அழுகல் தொடங்கிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் பிளாஸ்டிக் பையிலிருந்து எடுத்து, காற்றுப் படும்படி செய்தித்தாளில் பரப்புங்கள். சின்ன வெங்காயத்துக்கு இது இன்னும் அவசியம். முளைவிட்டு, பச்சை படர்ந்த உருளைக்கிழங்கு வேண்டவே வேண்டாம்.

முருங்கைக்காய் பின்னால் ஓடாதீர்கள். மழைக்குப் பூ உதிர்ந்துவிடுகிறது, வரத்து சுருங்கி விலை ஏறுகிறது. முருங்கை இல்லாமல் சாம்பாரா என்று கேட்பவர்கள் முள்ளங்கி போட்டுப் பார்க்கட்டும். கார்த்திகை முதல் தேதி பல வீடுகளில் மாலை போட்டு விரதம் தொடங்குவார்கள், முகூர்த்தங்களும் வரிசையாக வரும். காய்க்குக் கிராக்கி கூடுகிற நேரம். அதற்கு முந்தைய வாரமே சேனை, பூசணி, பரங்கி வாங்கிப் போட்டுவிடுங்கள். முதலில் சொன்ன இரண்டு நாள் கணக்கு இவற்றுக்குப் பொருந்தாது. ஆனால் வெட்டாத முழுக்காயாக இருக்க வேண்டும், கீற்று நிற்காது.

கீரைக்கட்டு வெளியே பச்சைப்பசேலென்று இருக்கும், நடுவில் குழைந்திருக்கும். கட்டைப் பிரித்துப் பார்க்க விடாத கடையில் கீரை வாங்காமல் வருவதே மேல். அகலப் பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு அலசி, கீரையை மேலாக அள்ளி எடுங்கள். அடியில் சேறு தங்காத வரை தண்ணீர் மாற்றுங்கள். சோப்பு வேண்டாம். எந்தக் காயையும் வாங்கி வந்தவுடன் கழுவி வைக்காதீர்கள், சமைக்கும் முன் கழுவினால் போதும். ஊட்டி கேரட்டை அங்கேயே கழுவித்தான் அனுப்புகிறார்கள். ஆகவே தொட்டால் வழுக்குகிறதா என்று பாருங்கள்.

பழத்தில் நெல்லிக்காய்க்கும் கொய்யாவுக்கும் இது நல்ல பருவம். கொய்யாவில் ஊசி குத்தியதுபோல் புள்ளி தெரிந்தால் உள்ளே புழு இருக்கக்கூடும், நறுக்கிப் பார்த்துவிட்டுக் குழந்தைகளிடம் கொடுங்கள். சீதாப்பழம் கண் விரிந்து கெட்டியாக இருந்தால் வீட்டில் பழுக்கும். தெருவோரம் நறுக்கி வைத்த பழத்தை மழை முடியும் வரை தொடாதீர்கள்.

விலை நியாயமா என்று சந்தேகம் வந்தால் உழவர் சந்தையின் விலைப்பலகையைக் காலையில் ஒருமுறை பாருங்கள். 1999 நவம்பர் 14-ல் மதுரையில் தொடங்கிய திட்டம் அது, இன்று பல ஊர்களில் இருக்கிறது. கடைக்காரருக்கு வண்டிக் கூலி, கழிவு எல்லாம் உண்டு, கொஞ்சம் கூடத்தான் விற்பார். இரண்டு மடங்கு என்றால் கேளுங்கள்.

சாயங்காலம் கூறு கட்டி விற்பதை வாங்கலாம், மலிவுதான். அடிக்காயைப் புரட்டிப் பார்த்துவிட்டு வாங்கி, அன்று ராத்திரியே சமைத்துவிடுங்கள்.