ஒரு பிள்ளையைப் பலர் பார்க்கும்போது

பெற்றோரே, ஓர் உதாரணத்தைச் சிந்தித்துப் பாருங்கள். பேச்சு வராத முப்பது வயது மகன் ஒருவன், சில நாட்களாகச் சாப்பாட்டைத் தள்ளிவிடுகிறான். தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்கிறான். “அவனுடைய குறைபாடு அப்படித்தான்” என்று சொல்லி, அவனை அடக்க மருந்து கொடுத்துவிடலாம். ஆனால் அவனுக்குப் பல்வலியாயிருந்தால்? குறைபாட்டையே பார்க்கிறவர் நோவைக் காணத் தவறிவிடுகிறார்.

பிரித்தானியாவில் ஒரு காலத்தில் இத்தகையோர் பலர் பெரிய மருத்துவமனைகளிலேயே ஆயுளைக் கழித்தனர். கார்டிவ் நகரின் ஈலி மருத்துவமனையில் அவர்கள் கொடுமைப்படுத்தப்பட்டதை 1969இல் வெளியான விசாரணை அறிக்கை வெளிப்படுத்தியது. அவர்கள் சமூகத்தில் வாழ வழிசெய்ய வேண்டுமென 1971இல் அரசாங்கத்தின் வெள்ளை அறிக்கை கூறிற்று. வீடுகளுக்கே சென்று உதவும் பல்துறைக் குழுக்கள் பின்னர் வளர்ந்தன.

இக்குழுவில் யார் யார் உளர்? இத்துறைக்கென்றே பயிற்சி பெற்ற தாதி உடல்நலத்தைக் கவனிக்கிறார். பேச்சுச் சிகிச்சையாளர் படங்களாலும் சைகைகளாலும் கருத்தைத் தெரிவிக்கப் பழக்குகிறார். விழுங்குவதில் இடருண்டா என்று பார்ப்பவரும் அவரே. உணவு நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்தல்லவா! உளவியலாளர் நடத்தையின் காரணத்தை ஆராய்கிறார். உளமருத்துவர் மருந்து தேவைதானா என்று தீர்மானிக்கிறார். அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்குபவர் தொழில்வழிச் சிகிச்சையாளர். சமூக சேவையாளர் இருப்பிடத்தையும் குடும்பத்தின் சுமையையும் கவனிக்கிறார்.

ஆனால் ஆட்கள் பலர் இருந்தால் மட்டும் போதாது. ஒவ்வொருவரும் தம் பங்கை மாத்திரம் பார்த்துவிட்டுப் போனால், பிள்ளையை முழுமையாகப் பார்த்தவர் எவருமிலர். ஆகவே அனைத்தையும் இணைக்கும் பொறுப்பு ஒருவரிடம் இருக்கவேண்டும். மேற்சொன்ன மகனை முதலில் பல் வைத்தியரிடம் அனுப்பும்படி சொல்லவேண்டியவர் அவரே.

அந்தக் குழுவில் நீங்களும் ஓர் அங்கத்தவர். அவன் எப்படிச் சிரிப்பான், நோவை எப்படிக் காட்டுவான் என்பது உங்களுக்கன்றி யாருக்குத் தெரியும்? அங்கே இவற்றை எழுதிய சிறு ஏடொன்றை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் வழக்கமுண்டு. அத்தகைய குழு இல்லாத ஊரிலும் ஒரு கொப்பி வாங்கலாம். உண்ணும் முறை, உறக்கம், மலங்கழித்தல், மருந்துகள், வலியின் அடையாளங்கள் ஆகியவற்றை இன்றே எழுதி வையுங்கள். நீங்கள் அருகில் இல்லாத நாளில் அந்தக் கொப்பி உங்கள் பிள்ளைக்காகப் பேசும்.