பொதி பிரிக்கும் நேரம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீர் அனுப்பிய திரைக்கதையை இரண்டு தரம் வாசித்தேன். திருகோணமலைப் பொடியன் ஒருவனும் சென்னைப் பத்திரிகை ஆசிரியர் ஒருவரும் புத்தகங்களைப் பற்றி எழுதிக்கொள்ளும் கதை. எங்கட ஊர்க் கவிஞர் தருமு சிவராமுவை மனதில் வைத்துத்தான் எழுதியிருக்கிறீர் என்பது நீர் சொல்லாமலே விளங்கியது.

1959 ஜனவரியில் சி.சு. செல்லப்பா 'எழுத்து' இதழைத் தொடங்கியபோது சிவராமுவுக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. அடுத்த வருடமே அவருடைய கவிதை அதில் வந்தது. 1962இல் செல்லப்பா தொகுத்த 'புதுக்குரல்கள்' நூலிலும் இடம் கிடைத்தது. பிரமிள் என்ற பெயர் பிறகு வந்தது. பிரித்தானியக் கடற்படை 1957இல்தான் இந்தத் துறைமுகத்தைக் கையளித்துவிட்டுப் போயிருந்தது. அந்த வெறிச்சோடிய கரையில் இருந்துகொண்டு கடலுக்கு அப்பால் தனக்கொரு வாசகரைத் தேடிய பொடியன்! உமக்கு இதைவிட நல்ல கதை கிடைக்காது.

ஆனால் பதினெட்டுக் காட்சிகளில் கடிதத்தைக் குரலாகவே ஓடவிட்டிருக்கிறீர். அதுதான் என் மனத்தாங்கல்.

'84 சேரிங் குரொஸ் ரோட்' (1987) படத்தைத் திரும்பப் பாரும். நியூயோர்க் எழுத்தாளர் ஹெலீன் ஹான்ஃபும் லண்டன் பழைய புத்தகக்கடையில் வேலைபார்த்த பிராங்க் டோலும் 1949 முதல் எழுதிக்கொண்ட உண்மைக் கதை. அதிலும் கடிதங்களை வாசிக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் எனக்கு மறக்காதது, போருக்குப் பிறகும் பங்கீட்டில் சாப்பிட்ட அந்தக் கடைக்காரருக்கு ஹெலீன் அனுப்பிய உணவுப் பொதிதான். அங்கே நட்பைக் கையால் தொடலாம்.

உமது படத்தில் அந்தப் பொதி, இதழ். தபாற்காரரின் மணி கேட்டு அவன் ஓடி வரட்டும். சுற்றிய தாளைக் கிழியாமல் பிரிக்கட்டும். தன் பெயர் அச்சில் இருக்கிறதா என்றுதான் முதலில் தேடுவான். அந்த வயது அப்படி. இல்லையென்றால் உள்துறைமுகக் கரைக்கு நடக்கட்டும். அங்கே குரல் வேண்டாம், தண்ணீர்ச் சத்தம் போதும். அக்கரையில் செல்லப்பாவையும் மேசையில் இருத்தாதையும். புத்தகங்களைச் சுமந்து கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கி விற்ற மனிதர் அவர்.

கடைசியில் இருவரும் கட்டிப்பிடிக்கும் காட்சியை எடுத்துவிடும். ஹெலீனும் டோலும் சந்திக்கவே இல்லை. 1968இல் டோல் இறந்துபோனார். சிவராமு தமிழ்நாட்டுக்குப் போய் அங்கேயே தங்கி, 1997இல் வேலூருக்குப் பக்கத்தில் கண்மூடினார். உமது பொடியன் கப்பலேறுவதோடு படத்தை நிறுத்தும்.

ஐப்பசி மழை தொடங்கமுன் கரைக் காட்சிகளை முடித்துவிடும்.

அன்புடன்,
அண்ணன்