ஊசி என்று நினைத்தால் அது கத்தி

கொரியப் பாரம்பரிய மருத்துவத்தில் 'தோச்சிம்' என்றொரு சிகிச்சை உண்டு. 'தோ' என்றால் கத்தி. 'சிம்' என்றால் ஊசி. வெளியுலகில் அக்குபாட்டமி என்பார்கள். கழுத்துவலி, இடுப்பு டிஸ்க் பிதுக்கம், முழங்கால் தேய்மானம், உறைந்த தோள் என்று பலவற்றுக்கும் கொரியாவில் இதைச் செய்கிறார்கள். பெயரிலேயே கத்தி இருந்தும் பலர் அதைக் கவனிப்பதில்லை.

நம்பிக்கை: இதுவும் அக்குபங்சர்தான், பயமே வேண்டாம்.

உண்மை: அக்குபங்சர் ஊசி பெரும்பாலும் கால் மில்லிமீட்டர் பருமன்தான். தோச்சிமின் நுனியோ உளிபோல் தட்டையான வெட்டுமுனை. அகலம் ஒரு மில்லிமீட்டர் வரை போகும். இறுகி ஒட்டிக்கொண்ட தசைநாரை அறுத்து விடுவிப்பதும், நசுங்கும் நரம்பைச் சுற்றிய இறுக்கத்தைத் தளர்த்துவதும்தான் இதன் வேலை. அறுக்கிற கருவி ரத்தக்குழாயையும் அறுக்கலாம், நரம்பையும் அறுக்கலாம். பெரும்பாலோருக்கு ரத்தக்கட்டும் சில நாள் வலியும் மட்டுமே வரும். ஆனால் நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்தது, முதுகுத்தண்டை ஒட்டி ரத்தம் கட்டியது, கிருமித்தொற்று ஏற்பட்டது போன்ற அரிதான விபரீதங்களும் பதிவாகியிருக்கின்றன. என்னைக் கேட்டால், இதைச் சிறிய அறுவைச் சிகிச்சை என்றே சொல்ல வேண்டும்.

நம்பிக்கை: ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழமையான முறை.

உண்மை: பழைய சீன மருத்துவ நூலான 'ஹுவாங்தி நெய்ஜிங்' ஒன்பது வகை ஊசிகளைச் சொல்கிறது, அவற்றில் வெட்டுமுனை கொண்டவையும் உண்டு. ஆனால் இன்றைய முறையை உருவாக்கியவர் சீனாவின் ஜூ ஹான்ஜாங், காலம் 1970-கள். கொரியாவுக்கு அதன் பிறகே வந்தது.

நம்பிக்கை: பலன் ஆய்வுகளில் நிரூபணமாகிவிட்டது.

உண்மை: வலி குறைந்ததாகச் சொல்லும் ஆய்வுகள் நிறைய இருக்கின்றன. பெரும்பாலானவை சீனாவில், சிலரை மட்டும் வைத்துச் செய்தவை. தன் உடலில் கத்தி இறங்கியதா இல்லையா என்பது நோயாளிக்குத் தெரியாமல் இருக்காது. எனவே நம்பிக்கையால் வந்த குணத்தையும் கத்தியால் வந்த குணத்தையும் பிரிப்பது கடினம். ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் 'சான்றின் தரம் குறைவு' என்று மீண்டும் மீண்டும் எழுதுகிறார்கள்.

ஓரிடத்தில் மட்டும் தர்க்கம் தெளிவாக நிற்கிறது. மடக்கிய விரல் சிக்கிக்கொண்டு, 'டக்' என்ற சத்தத்தோடு நிமிரும் 'டிரிகர் ஃபிங்கர்' அது. விரலின் தசைநாண் ஓடும் வளையம் தடித்து, நாண் அதில் சிக்குவதுதான் காரணம். தோலுக்கு மேலிருந்தே அந்த வளையத்தை அறுத்துவிடும் முறை நவீன மருத்துவத்திலும் 1950-களிலிருந்தே இருக்கிறது. இன்னதை அறுக்கிறோம், இதற்காக அறுக்கிறோம் என்று அங்கே காட்ட முடிகிறது. இடுப்பு டிஸ்க்கில் அவ்வளவு எளிதாகக் காட்ட முடியாது.

நம்பிக்கை: கைப்பழக்கம் இருந்தால் போதும்.

உண்மை: கொரியாவின் பாரம்பரிய மருத்துவர்கள் ஆறாண்டு படித்து, தேசிய உரிமம் பெற்றவர்கள். அவர்களுக்கும் தோலுக்கு அடியில் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. அல்ட்ராசவுண்ட் கருவியில் பார்த்தபடியே செய்தால் நரம்பையும் ரத்தக்குழாயையும் தவிர்க்க முடியும். அந்தக் கருவியை அவர்கள் பயன்படுத்தலாமா என்பது நீண்ட வழக்காக இருந்தது. பயன்படுத்தியது சட்டமீறலாகாது என்ற பக்கம் கொரிய உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் நின்றது. நோயாளிகளின் நன்மைக்கு இது நல்ல தீர்ப்பு என்றே நினைக்கிறேன்.

படிப்புக்காகவோ வேலைக்காகவோ கொரியாவில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், குளோபிடோக்ரெல், ஆஸ்பிரின் போன்ற மாத்திரை எடுப்பதையும், சர்க்கரை நோய் இருப்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கழுத்திலோ மேல்முதுகிலோ சிகிச்சை முடிந்த பின் மூச்சுத் திணறினாலும், இடுப்புச் சிகிச்சைக்குப் பின் கால் மரத்தாலும், சிறுநீர் அடக்க முடியாமல் போனாலும் காத்திருக்காதீர்கள். உடனே அங்குள்ள அவசர உதவி எண்ணான 119-ஐ அழையுங்கள்.