ஆற்று ஆராய்ச்சிக்கு விதைப்பணம்: திருவேங்கடம் வட்டார விவசாயிக்கு அதில் என்ன வேலை?

குற்றாலத்தில் சாரல் கட்டி அருவிகள் கொட்டும் ஆனி, ஆடி மாதங்களில் திருவேங்கடம் வட்டாரத்தில் வெறும் காற்றுத்தான் வீசும். இரண்டும் தென்காசி மாவட்டம்தான். ஆனால் சிற்றாறு தாமிரபரணியில் போய்ச் சேருகிறது. வழியெல்லாம் அணைக்கட்டுகளும் கால்வாய்களும் உண்டு. திருவேங்கடம் பக்கத்து நிட்சேபநதியோ வைப்பாற்றின் கிளை. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால் தண்ணீர் ஓடும். மற்ற நாட்களில் மணலும் கருவேலமும்தான் கண்ணில் படும். கரிசலில் பருத்தி, உளுந்து, மக்காச்சோளம் என்று மானாவாரியை நம்பியும், கிணற்றில் மிச்சமிருக்கும் தண்ணீரை நம்பியும் விவசாயம் நடக்கிறது.

இப்படி வறண்டு கிடக்கும் ஆறுகளைப் பற்றி ஆராய்ச்சி செய்வோர் குறைவு. பெரிய ஆறுகளுக்குக் குறைவில்லை. 2024 பிப்ரவரியில் மத்திய ஜல் சக்தி அமைச்சகம் மகாநதி, நர்மதை, கோதாவரி, கிருஷ்ணா, காவிரி, பெரியாறு ஆகிய ஆறு நதிகளுக்கும் திட்டம் வகுக்க 12 உயர் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. நதிக்கு இரண்டு நிறுவனங்கள். காவிரி, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கும் திருச்சி தேசிய தொழில்நுட்பக் கழகத்துக்கும் வந்தது. வைப்பாறு அந்தப் பட்டியலில் இல்லை.

வைப்பாற்றுக்கென்று நடந்த பெரிய ஆய்வு, கேரளத்தின் பம்பை, அச்சன்கோவில் ஆறுகளை இங்கே இணைப்பது பற்றியது. தேசிய நீர்வள மேம்பாட்டு முகமை 1995ல் அறிக்கை தந்தது. ஆண்டுக்கு 63.4 கோடி கன மீட்டர் தண்ணீரைத் திருப்பி 91,400 ஹெக்டேருக்குப் பாசனம் தரலாம் என்பது அதன் கணக்கு. கேரளம் சம்மதிக்கவில்லை, தண்ணீர் வரவும் இல்லை. அந்தத் தண்ணீர் வரட்டும், வராமலிருக்கட்டும். நிட்சேபநதியில் இப்போது ஓடிப்போகும் மழைநீரில் எவ்வளவு கிணறுகளுக்கு இறங்குகிறது என்ற கணக்கு ஊராரிடம் இருக்கவேண்டும் அல்லவா? அதற்குக் கோடிகள் தேவையில்லை. சிறு தொகையும், இரண்டு மூன்று கல்வி நிலையங்களும், அளவெடுக்க ஊர் ஆட்களும் போதும்.

விதைப்பணம் என்பது என்ன?

பல்கலைக்கழகங்களில் 'விதைப்பணம்' என்று ஒரு வகை நிதி உண்டு. பெயரைக் கேட்டு விதை வாங்கத் தரும் மான்யம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு பல்கலைக்கழகத்தின் மண் நிபுணரும், வேறொன்றின் நீரியல் நிபுணரும், இன்னொன்றின் பொருளாதாரப் பேராசிரியரும் சேர்ந்து ஒரு பிரச்னையைத் தொட்டுப் பார்க்கத் தரப்படும் முதல் தொகை அது. ஓரிரு ஆண்டுக்குத்தான் வரும். அதைக்கொண்டு அளவெடுத்து, 'இதில் விஷயம் இருக்கிறது' என்று காட்டினால் பெரிய நிதிக்கு விண்ணப்பிக்கலாம். நாற்றங்காலுக்குச் செய்யும் செலவு போன்றது. நாற்று தேறினால் நடவு. தேறாவிட்டால் சிறு தொகையோடு நஷ்டம் நின்றுவிடும்.

ஆறு என்பது ஒரு துறையோடு முடியும் சமாசாரமில்லை. மழை வானிலைக்காரருடையது, மணல் புவியியலாருடையது, கிணறு விவசாயியுடையது, மோட்டார் மின்சாரத் துறையோடு சேர்ந்தது. ஆகவேதான் கூட்டு ஆராய்ச்சி தேவைப்படுகிறது.

கரிசல் சீமைக்குக் கூட்டு ஆராய்ச்சி புதிதும் அல்ல. 1901ல் தொடங்கிய கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம், 1970ல் கனடா நாட்டு ஒத்துழைப்போடு ஆரம்பமான அகில இந்திய மானாவாரி ஆராய்ச்சித் திட்டத்தின் மையங்களுள் ஒன்றாயிற்று. பருவமழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதைப்பதும், விதையைக் கடினப்படுத்தி விதைப்பதும் அங்கே பரிசோதித்து ஊர்களுக்கு வந்தவையே. இவ்வகைத் திட்டங்களில் செலவின் 75 சதவிகிதத்தை மத்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகமும், 25 சதவிகிதத்தை மாநிலமும் ஏற்கும்.

ராஜஸ்தானில் நடந்தது

தண்ணீர் விஷயத்தில் விவசாயிகளைச் சேர்த்துக்கொண்ட கூட்டு ஆராய்ச்சிக்கு நல்ல எடுத்துக்காட்டு, ராஜஸ்தானில் உதயப்பூர் மாவட்டத்துத் தார்த்தா பகுதியிலும், குஜராத்தில் மேக்ராஜ் பகுதியிலும் 2012ல் தொடங்கிய திட்டம். ஆஸ்திரேலிய அரசின் சர்வதேச வேளாண் ஆராய்ச்சி மையம் பணம் தந்தது. மேற்கு சிட்னி பல்கலைக்கழகமும் உதயப்பூர் மகாராணா பிரதாப் வேளாண் பல்கலைக்கழகமும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து 11 கிராமங்களில் வேலை செய்தன.

அங்கும் அடியில் கடினப் பாறைதான். அங்கும் கிணறே கதி. அளவெடுக்க வெளியூர் ஆட்களைக் கொண்டுவராமல், கிராமத்து ஆண்களையும் பெண்களையுமே தேர்ந்தெடுத்துப் பழக்கினார்கள். அவர்களுக்கு 'பூஜல் ஜான்கார்', அதாவது நிலத்தடி நீர் அறிந்தவர், என்று பெயர். வாரந்தோறும் 300க்கும் மேற்பட்ட கிணறுகளில் நீர்மட்டம் பார்த்தார்கள். தார்த்தாவில் நான்கு தடுப்பணைகளில் அளவுகோல் நட்டு, பக்கத்து விவசாயிகளே தினசரி குறித்தார்கள்.

இதில் பிடிபட்ட முறை மிக எளியது. மழை இல்லாத, வரத்தும் போக்கும் இல்லாத நாளில் அணையின் நீர்மட்டம் எவ்வளவு இறங்கியது என்று பார்க்கவேண்டும். அதில் ஆவியாகிப் போனதைக் கழித்தால் மிச்சம் நிலத்துக்குள் இறங்கியது. எடுத்துக்காட்டாக, ஒரு நாளில் 12 மில்லிமீட்டர் இறங்கி, ஆவியானது 5 மில்லிமீட்டர் என்றால் 7 மில்லிமீட்டர் கசிந்திருக்கிறது. தண்ணீர் ஓர் ஏக்கரில் பரந்திருந்தால் அது சுமார் 28,000 லிட்டர். ஆவியாதல் கணக்கை வேளாண் வானிலைக் கூடம் உள்ள நிலையத்தில் கேட்டுப் பெறலாம்.

வண்டல் படியப் படியக் கசிவு குறைவதும் இந்தக் குறிப்புகளிலேயே தெரிந்தது. எந்த அணையில் முதலில் வண்டல் எடுக்கவேண்டும் என்று அதிகாரியிடம் கேட்க, கையில் கணக்கு இருந்தது. வெறும் மனுவுக்கும் கணக்கோடு போகும் மனுவுக்கும் வித்தியாசம் உண்டு.

கிணற்றில் ஒரு மீட்டர் ஏறினால்

கிணற்றுக் கணக்கில் பலர் ஏமாந்து போகிறார்கள். நல்ல மழைக்குப் பின் கிணற்றில் ஒரு மீட்டர் தண்ணீர் ஏறினால் மனம் குளிரும். உடனே நெல்லா, வாழையா என்று யோசனை ஓடும். ஆனால் கடினப் பாறை நிலத்தில் 100 பங்கு பாறைக்கு ஒன்றிலிருந்து மூன்று பங்கு தண்ணீர்தான் எடுக்கக் கிடைக்கும். ஒன்றரைப் பங்கு என்று வைத்துக்கொண்டால், ஒரு மீட்டர் ஏற்றம் என்பது நிலத்தின்மீது 15 மில்லிமீட்டர் தண்ணீர் நின்றதற்குச் சமம். ஏக்கருக்குச் சுமார் 60,000 லிட்டர். பருத்திக்கு ஒரு தடவை 50 மில்லிமீட்டர் கட்டினால் ஏக்கருக்கு 2 லட்சம் லிட்டர் போய்விடும். அதாவது மூன்று ஏக்கருக்கு அடியில் ஏறிய தண்ணீர் ஓர் ஏக்கரின் ஒரு பாசனத்துக்கே போதாது.

ஆற்று மணலின் கணக்கு வேறு. நல்ல மணலில் ஒரு கன மீட்டருக்கு 200 லிட்டர் அளவுக்குத் தண்ணீர் எடுக்கலாம். அதே அளவு பாறையில் கிடைப்பது 15 லிட்டர். கரிசல் மண் நனைந்தால் உப்பி வெடிப்பை மூடிக்கொள்வதால் வயல் வழியாகக் கீழே இறங்குவது சொற்பம். எனவே ஆற்றுப் படுகையும் கண்மாயும்தான் கிணறுகளுக்குத் தண்ணீர் இறங்க முக்கிய வழிகள். மணல் போன ஆறு வெள்ளத்தைக் கடத்துமே தவிர தேக்காது. நிட்சேபநதியில் இன்னும் எந்தெந்த இடத்தில் எத்தனை அடி மணல் இருக்கிறது, அதையொட்டிய கிணறுகள் மற்றவற்றைவிட எத்தனை வாரம் கூடுதலாகத் தாங்குகின்றன என்பதே ஒரு முழு ஆராய்ச்சிக்கான கேள்வி.

ஊரில் தொடங்க வேண்டியது

கோவில்பட்டி நிலையம், 1984ல் ஏற்பட்ட கிள்ளிகுளம் வேளாண் கல்லூரி, 1990ல் ஏற்பட்ட மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம், திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரி ஆகியவை எட்டிய தூரத்தில் இருக்கின்றன. விதைப்பணத்துக்கு விண்ணப்பிக்க வேண்டியவர்கள் அங்குள்ள பேராசிரியர்கள். விவசாயி நேரடியாகக் கேட்க முடியாது. ஆனால் 'இந்த ஊரில் இரண்டு வருஷக் குறிப்பு தயாராக இருக்கிறது, அளவெடுக்க ஆளும் இருக்கிறது' என்றால் அந்த விண்ணப்பத்துக்குத் தனி மதிப்பு. சுற்றுவட்டார ஊராட்சிகளில் உலக தண்ணீர் தினமான மார்ச் 22ல் கிராம சபை கூடும்போது இதைத் தீர்மானமாகவே எழுதி அனுப்பலாம்.

குறிப்பு எடுக்கும் முறையும் கடினமில்லை. ஆற்றோரம் ஐந்து, ஆற்றிலிருந்து தள்ளி ஐந்து எனப் பத்துக் கிணறுகள் போதும். கைப்பிடிச் சுவரில் ஓரிடத்தில் சிவப்பு வர்ணத்தால் புள்ளி வைத்து, எடை கட்டிய அளவு நாடாவை அந்தப் புள்ளியிலிருந்தே எப்போதும் இறக்கவேண்டும். வாரத்தில் ஒரே கிழமை, காலையில் மோட்டார் போடும் முன் பார்ப்பது அவசியம். மோட்டார் ஓடியபின் எடுத்த அளவு கணக்குக்கு உதவாது. மழைக்கு, அடியும் வாயும் ஒரே அகலமாக உள்ள நேர்ச்சுவர் டப்பாவை மரமும் கூரையும் மறைக்காத வெட்டவெளியில் சமதளமாக வைத்து, தினமும் காலையில் அடிகோலால் மில்லிமீட்டரில் குறித்துவிட்டுக் கொட்டிவிடவேண்டும். பள்ளிப் பிள்ளைகளே செய்யக்கூடிய வேலைதான்.

ஆராய்ச்சிக் குழு ஊருக்கு வந்தால் மூன்று விஷயங்களை முதல் நாளே பேசி எழுதிக்கொள்வது நல்லது. கிணற்றுக்காரர் சம்மதமில்லாமல் அவர் கிணற்று விவரத்தைப் பெயரோடு வெளியிடலாகாது. ஒவ்வோர் ஆண்டு முடிவையும் தமிழில், புரட்டாசி விதைப்புக்கு முன் ஊர்க் கூட்டத்தில் சொல்லவேண்டும்; ஆங்கில அறிக்கை அலமாரிக்குப் போவதில் ஊருக்கு லாபமில்லை. பணம் முடிந்து குழு கிளம்பும்போது அளவுகோலும் மழைமானியும் குறிப்பு நோட்டின் ஒரு பிரதியும் ஊராட்சி அலுவலகத்தில் இருக்கவேண்டும்.