புகையில்லா அடுப்பைப் புதுப்பித்தல்

நமது கிராமத்து வீடுகள் பலவற்றில், சமையலறைக்குள் நுழைந்தவுடன் கண்ணிற் படுவது கரியேறிய சுவரேயாகும். சுவரிலேயே இவ்வளவு கரி படியுமாயின், அவ்வடுப்பின் முன் நாள்தோறும் அமர்ந்திருக்கும் தாயின் மார்பிலும், அவள் மடியிலுள்ள குழந்தையின் மார்பிலும் எவ்வளவு படியும் என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. 2016-ஆம் ஆண்டில் தொடங்கிய உஜ்வலா திட்டத்தினால் ஏழை இல்லங்களுக்கும் எரிவாயு வந்திருக்கிறது, உண்மைதான். ஆயினும் வெந்நீர் வைக்கவும், நெல் அவிக்கவும் பலர் இன்னும் விறகையே நாடுகின்றனர். சிலிண்டர் தீர்ந்த நாளில் சமையலும் விறகில்தான்.

புகையில்லா அடுப்பு புதிய பொருளன்று. வார்தாவிலுள்ள மகன்வாடியில் மகன் அடுப்பு உருவாயிற்று. ஐதராபாத் பொறியியல் ஆராய்ச்சிச் சாலையைச் சேர்ந்த எஸ். பி. ராஜு 1953-ல் இதற்கென்று ஒரு நூலே வெளியிட்டார். பின்னர், 1980-களில் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தின் கீழ், 2002 வரை மூன்று கோடிக்கு மேற்பட்ட அடுப்புகள் அமைக்கப்பட்டதாகக் கணக்கு. அவற்றுள் பல நெடுநாள் நிலைக்கவில்லை. மண் வெடித்தது, குழாய் கரியால் அடைபட்டது, திருத்தத் தெரிந்தவர் ஊரில் இல்லை. புகை மீண்டும் அறைக்குள் வரவே, குழாயைப் பிடுங்கிப் போட்டுவிட்டனர். ஆகவே கட்டுவதைக் காட்டிலும் புதுப்பிக்கக் கற்பதே முக்கியமானது.

இவ்வடுப்பு வேலை செய்யும் முறை எளிது. சூடான காற்று குழாய் வழியே மேலேறும்போது, அடுப்பு வாயின் வழியாகப் புதிய காற்றை உள்ளே இழுக்கிறது. புகையும் அதனோடு வெளியேறுகிறது. நமது பழைய கொடியடுப்புக்குப் புகைக்குழாய் சேர்த்தாற் போன்றதே இது. ஒரே வேற்றுமை, பாத்திரம் அடுப்புக்கண்ணில் இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும், குமிழ் கூடாது. ஆதலால் வீட்டுப் பெண்களிடம் அவர்கள் அன்றாடம் ஏற்றும் பானைகளை வாங்கி வைத்துக்கொண்டே கண்களின் அளவைக் குறிக்க வேண்டும். கொத்தனாரின் விருப்பப்படி அளவெடுத்த அடுப்பு மூன்றாம் மாதமே இடிபடுவதை நாம் கண்டிருக்கிறோம்.

வெடித்த அடுப்பை அடிவரை இடித்துவிடுவதே நலம். பழைய மண்மேல் பூசிய புதுமண் ஒட்டாது. களிமண்ணுடன் மணலும், நறுக்கிய வைக்கோலும், சாணமும் கலந்து இரண்டு மூன்று நாள் புளிக்க விட்டுப் பிசைய வேண்டும். அடுப்பு வாயின் முன்னே தணல் சிதறும் இடத்தில் இரண்டடி அகலத்துக்குத் தட்டோடு பதித்தல் அவசியம். பெருக்குவதற்கும் எளிது, அருகிலுள்ள சுள்ளியில் தீப்பற்றாமலும் காக்கும்.

குழாய் 4 அங்குல விட்டத்துக்குக் குறையாமல், கூரைக்கு மேல் 2 அடியாவது உயர்ந்திருக்கட்டும். தலையில் மழைமூடி வேண்டும். ஓலைக் கூரையாயின், குழாய் ஓலையைத் தொடாதவாறு அகலமாக வெட்டிவிட்டு, இடைவெளியைத் தகரத்தால் மூட வேண்டும். முன்னாளில் ஆஸ்பெஸ்டாஸ் குழாய்கள் பொருத்தப்பட்டன. அதன் தூசி நுரையீரலுக்குப் பெருங்கேடு. அத்தகைய பழைய குழாயை அறுக்கவோ உடைக்கவோ கூடாது. நனைத்து, முழுதாகக் கழற்றி அகற்றுக. குழாயின் அடியில் கரி எடுப்பதற்கு ஒரு சிறு வாயில் விட மறத்தலாகாது. அதை மறந்ததனாலேயே பாழான அடுப்புகள் பல.

பத்து நாள் நிழலில் உலர்ந்த பின், சிறு தீயே மூட்டுக. புகையும் வைக்கோல் ஒன்றை அடுப்பு வாயருகே பிடித்தால், புகை உள்ளே இழுபட வேண்டும். வெளியே வந்தால், பாத்திரமில்லாத இரண்டாம் கண் திறந்திருக்கிறதா என்று முதலில் பார்க்கவும். சமையலின்போது அதை மூடியே வைக்க வேண்டும். மூடியும் புகை வந்தால், குழாயில்தான் பழுது.

மாதம் ஒருமுறை கரி எடுக்க வேண்டும். நீண்ட மூங்கிலில் தேங்காய்நார் கட்டிய துடைப்பம் ஒன்றைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் வைத்திருந்தால், வீட்டுக்கு வீடு இரவல் கொடுக்கலாம். ஊரிலேயே இரண்டு பெண்களுக்கு இவ்வேலையைக் கற்பித்து, அடுப்பொன்றுக்கு இவ்வளவு கூலி என்று அங்கத்தினர்கள் தீர்மானித்தல் வேண்டும். மழை தொடங்குமுன் அதைச் செய்தல் நலம். ஈரக்காலத்தில் மண் உலராது.