உளுந்து கொள்ளாக மாறியதா?

பத்தாம் வகுப்பில் பரிணாமம் நடத்தும்போது, ஒட்டகச்சிவிங்கி எட்டி எட்டிக் கழுத்தை நீட்டியது என்ற லாமார்க்கின் கருத்து ஏற்கப்படவில்லை என மாணவர்கள் பிழையின்றி எழுதிவிடுவார்கள். "கள்ளிக்கு ஏன் முள்?" என்று கேட்டால், "தண்ணியைச் சேமிக்கணும்னு இலையை முள்ளா மாத்திக்கிச்சு சார்" என்பார்கள். பெயர் டார்வின், விடை லாமார்க்! குறை அவர்களிடம் மட்டுமில்லை. "தகவமைத்துக் கொண்டது" என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வந்தவன் நான்தான்.

சென்ற ஆண்டு பல்கலைக்கழக விலங்கியல் துறையிலிருந்து ஆய்வு மாணவர்கள் இருவர் எங்கள் பள்ளிக்கு வந்தனர். முதலில் படக்காட்சி. பின்வரிசையில் கொட்டாவி; எனக்கும்தான். பிறகு பழுப்புச் சாக்கு ஒன்றை விரித்து, 40 கொள்ளும் தோல் நீக்கிய 40 முழு உளுந்தும் தூவினார்கள். நான்கு மாணவர்கள் பறவைகள். கண்ணில் பட்டதை ஒவ்வொன்றாக, மொத்தம் 60 பொறுக்க வேண்டும்.

மிஞ்சியவை 16 கொள்ளு, 4 உளுந்து. ஒவ்வொன்றுக்கும் மூன்று குட்டிகள் என்று அதே வகையில் சேர்த்ததும் 64, 16 ஆயின. அடுத்த சுற்றில் மிஞ்சியது ஒரே ஓர் உளுந்து.

"சார், எந்த உளுந்தும் கொள்ளா மாறலையே! கூட்டம்தானே மாறியிருக்கு?" என்றாள் ஒரு மாணவி. நான் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் கெடுத்திருப்பேன்.

அப்போதுதான் கலாபகஸ் தீவுகளின் கதையைச் சொன்னார்கள். டாப்னே மேஜர் என்ற சிறு தீவில் பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் இணையர் 1973 முதல் குருவிகளை அளந்து வந்தனர். 1977இல் கடும் வறட்சி. சிறு விதைகள் தீர்ந்து, பெரிய கடின விதைகளே எஞ்சின. தடித்த அலகுள்ளவையே அதிகம் பிழைத்தன. அடுத்த தலைமுறையின் சராசரி அலகும் தடித்திருந்தது. தேவைக்காக எந்தக் குருவியும் தன் அலகைத் தடிக்க வைக்கவில்லை.

கடைசியில் சாக்கை எடுத்துவிட்டு வெள்ளை வேட்டியை விரித்தனர். இப்போது கொள்ளுக்கு ஆபத்து. "அந்த ஒரு உளுந்தும் போயிருந்தா?" என்றான் முன்வரிசை மாணவன். அந்தக் கேள்வியிலிருந்துதான் மறுநாள் வேறுபாடுகள் பற்றிய பாடத்தைத் தொடங்கினேன்.